ஐந்து செகண்டில் அறுபது

போன ஞாயிறு காலை ஆறு மணிக்கு நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? தூக்கமா? புண்ணியம் செய்தவர்கள். நான் டிராம்பே போகும் ரோட்டில், எங்கள் புது எலெக்ட்ரிக் காரின் பக்கத்து சீட்டில், ஸ்டாப்வாட்ச்சும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் என் கணவர். இன்ஜினீயர். லேபில் மீட்டர் பார்த்தே ரிட்டயர் ஆனவர். அணுசக்தி நகர் குவார்ட்டர்ஸை விட்டு செம்பூர் ஃப்ளாட்டுக்கு வந்த பிறகு, அளக்க எதுவும் இல்லாமல் தவித்துப்போனார். பால் பாக்கெட்டை அளந்தார், கேஸ் சிலிண்டரை நிறுத்தார். இப்போது கார்.

நின்ற இடத்திலிருந்து அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஐந்து செகண்டு — கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கிறது. நம்பிவிட்டுப் போக வேண்டியதுதானே? அதுதான் கிடையாது. அதுவரை இரண்டு மாதமாக ஞாயிறுதோறும் அளந்தோம். ஒரு தடவைகூட ஒன்பதுக்குக் கீழே வரவில்லை.

"நீ லேட்டா அமுக்கறே" என்றார் முதல் வாரம். என் கட்டைவிரலுக்குப் பயிற்சி கொடுத்தார். அடுத்த வாரம் பழி என் எடை மேல் விழுந்தது. "லோடு எவ்வளவுன்னு தெரியாம எப்படிடி கால்குலேட் பண்றது?" என்று என்னை மெஷினில் ஏற்றி, நோட்டில் எழுதிக்கொண்டார். எவ்வளவா? அது உங்களுக்கு எதற்கு...

இதையெல்லாம் நான் ஏன் பொறுத்துக்கொண்டேன்? காரணம் இருக்கிறது. நான் லைசென்ஸ் எடுத்து ஆறு வருடம் ஆகிறது. பழைய பெட்ரோல் காரை அவர் என் கையில் கொடுத்ததே இல்லை. கிளட்ச் போய்விடுமாம். "இதுல கியரே கிடையாது, நீயும் ஓட்டலாம்" என்று சொல்லித்தான் இந்தக் காருக்கு என்னைச் சம்மதிக்க வைத்தார். அன்றுவரை மாட்டுங்கா மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்க பஸ்ஸில்தான் போனேன். கேட்டால், "டெஸ்ட் முடியட்டும்."

அன்று வண்டியில் ஏறியதுமே சொன்னார்: "இன்னிக்கும் அஞ்சு வரலேன்னா திருப்பிக் கொடுத்துடப்போறேன். லெட்டர் ரெடி."

நான் ஒரு தடவைகூடத் தொடாமலேயே கார் போய்விடுமா?

முதல் ஓட்டம் — ஒன்பதரை. இரண்டாவது ஓட்டத்தில் நான் மீட்டரைப் பார்க்கவில்லை. அவர் காலைப் பார்த்தேன். முப்பது வருடம் பெட்ரோல் மிச்சம் பிடித்த கால். பெடலை எங்கே மிதித்தது? தூங்குகிற குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல் தடவிக்கொண்டிருந்தது.

"ஏன்னா, முழுசா மிதிக்கவே இல்லையே நீங்க?"

"முழுசா மிதிச்சா வண்டி என்னத்துக்கு ஆகும்?"

இவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

"எறங்குங்கோ. நான் ஓட்டறேன்."

"நோக்குப் பழக்கமில்லை."

"எறங்கலேன்னா, அடுத்த வாரத்துலேர்ந்து வாட்ச்சையும் நீங்களே பிடிச்சுக்கோங்கோ."

இறங்கினார். ரோட்டில் முன்னாலும் பின்னாலும் யாருமில்லை என்று மூன்று தடவை சரிபார்த்துவிட்டு என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்து வாட்ச்சை வாங்கிக்கொண்டார். ஸ்டியரிங் இப்போது என் கையில். மிதித்தேன். அடேயப்பா... முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. "போறும், போறும்" என்றார். பிரேக் போட்டேன்.

வாட்ச்சைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஐந்து புள்ளி ஒன்று.

"ஒரு ரீடிங் போறாது" என்றார், சுரத்தே இல்லாமல். போறாதுதான். இன்னும் இரண்டு எடுத்தோம். இரண்டிலும் ஐந்து சொச்சம்.

இரண்டு மாதம்... எத்தனை ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம்? வந்த ஆத்திரத்தில் சந்தோஷப்படக்கூட மறந்துபோனேன். நம் வீடுகளில் இதுதானே வழக்கம்? ஒன்று சரியாக வரவில்லையென்றால் மெஷினைச் சந்தேகிப்போம், கம்பெனியைச் சந்தேகிப்போம், பெண்டாட்டியைச் சந்தேகிப்போம். சொந்தக் காலைக் குனிந்து பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றாது.

வீட்டுக்கும் நானே ஓட்டினேன். அவர் தலைக்கு மேலிருந்த கைப்பிடியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வந்தார். செம்பூர் சிக்னலில் நின்றபோது தீர்ப்பு சொன்னார்.

"வண்டி நன்னாத்தான் இருக்கு. ஓட்டறதுதான் சரியில்லை."

யார் ஓட்டுவது சரியில்லை என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் சிக்னல் பச்சையாகிவிட்டது. மிதித்தேன்.