உள்ளே விட்ட துணி

என் அண்ணன் தையல்காரன். எதைத் தைத்தாலும் ஓரத்தில் இரண்டு விரல் துணியை உள்ளே விட்டுத்தான் தைப்பான். உடம்பு பெருத்தால் பிரித்துவிட்டுக் கொள்ளலாமாம். "உங்க அண்ணன் தைச்சா அப்பன் சட்டையைப் பிள்ளையும் போட்டுக்கலாம்" என்று வாடிக்கைக்காரர்கள் கேலி செய்வார்கள். அது துணியோடு நின்றிருந்தால் நானும் சிரித்திருப்பேன். வாழ்க்கையையும் அப்படித்தான் தைத்தான், கல்லுளிமங்கன்.

இளவயதில் கடைக்கு எதிர் ஆஸ்பத்திரி நர்ஸை விரும்பினான். அவளுக்கும் இஷ்டம். "தங்கச்சி கல்யாணம் முடியட்டும்" என்றான். எனக்கு முடிந்தது. "கடை நிமிரட்டும்" என்றான். கடையும் நிமிர்ந்தது. அதற்குள் அவளை வேறிடத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். இவன் ஒண்டிக்கட்டையாகவே நரைத்தான்.

போன வருடம் அவள் அதே ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தாள். கணவர் தவறி நாளாகியிருந்தது. அந்தக் காலத்தில் அண்ணன் தைத்துக் கொடுத்த வெள்ளைக் கோட்டைக் கொண்டு வந்து, "இறுக்கிப் பிடிக்குது" என்றாள். அவன் ஒரு விரல் பிரித்துவிட்டான். மீதியை உள்ளேயே வைத்தான். அப்புறம் வேலை முடிந்ததும் தினம் கடைக்கு வந்து உட்கார்ந்து பேசினாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

நேற்று மாலை நான் கடையில் சட்டைக்குப் பொத்தான் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். என் எதிரிலேயே அவனிடம் கேட்டாள். "எனக்கு வேற ஊருக்கு மாற்றல் வந்திருக்கு. இன்னொரு தடவை என்னால காத்திருக்க முடியாது. கூட வரீங்களா?"

அண்ணன் மென்று முழுங்கினான். "தங்கச்சி இங்க தனியா கிடப்பா. அவளுக்கு ஒரு வழி பண்ணிட்டு..."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேரன் பேத்தி எடுத்தவள் நான். வீட்டில் கால் வைக்க இடமில்லை. "என் தலைல ஏன் போடறே அண்ணா? எனக்கு ஒரு குறையும் இல்ல. கிளம்பேன்."

"இரும்மா, பாக்கலாம்."

அவள் கோபப்படவில்லை. பையிலிருந்து அந்தக் கோட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். "உள்ள மிச்சம் இருக்கற துணி உறுத்துது. வெட்டிடுங்க. இனிமே பிரிக்க வேண்டியிருக்காது."

இப்போதாவது வெட்ட மாட்டேன் என்று சொல்லித் தொலைப்பான் என்று அவன் முகத்தையே பார்த்தேன். அவன் கோட்டைப் புரட்டினான். கத்தரியை எடுத்து, ஓரத்தோடு நேராக வெட்டி, மடித்துக் கொடுத்தான்.

வாழ்நாளில் அந்த ஒன்றைத்தான் தள்ளிப்போடாமல் செய்தான், பாவி.