தாராவி வீட்டில் என் இன்டர்வியூ

ஒரே அறையில் குடும்பம் நடத்துகிறவர்களுக்குத் தனிமை எப்படிக் கிடைக்கிறது? சமூகவியல் எம்.ஏ. ஆராய்ச்சிக்கு நான் எடுத்த கேள்வி இது. அதைக் கேட்டுத் தாராவியில் சிரிக்காத ஆளே இல்லை.

"தனிமையா? அத வச்சு என்னம்மா செய்யப் போறிய?" என்றார் லாத்தா. அக்காவை அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவார்கள், நானும் பழகிக்கொண்டேன். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். கீழே தையல் பட்டறை, ஏணி ஏறினால் வீடு. நானோ செம்பூரில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தவள்.

நான் லாத்தா வீட்டுக்குப் போயிருந்த ஒரு நாள் சரியான மழை. ரயில் ஓடவில்லை, செம்பூர் திரும்ப வழியில்லை. சாயங்காலம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் இன்டர்வியூ. ஸ்காலர்ஷிப் கிடைக்காவிட்டால் வெளிநாட்டுப் படிப்பை நான் மறந்துவிட வேண்டியதுதான். போச்சு, எல்லாம் போச்சு என்று அழாத குறை.

"எதுக்குப் பதறுதிய? மேல போயி உக்காருங்க."

"இந்தச் சத்தத்திலயா லாத்தா?"

"அத நாங்க பாத்துக்கிடுதோம்."

லேப்டாப்பைத் திறந்தேன். பக்கத்து வீட்டு டிவி நின்றது. எதிர்ப் பட்டறையில் பெல்ட்டுக்குப் பக்கிள் தட்டும் சுத்தியல் நின்றது. கடைசியாக, கீழே ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின்களும் நின்றன. தகரத்தில் மழை மட்டும். அடேயப்பா! எல்லாரும் பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள். பாதிப் பேருக்கு என் முகம்கூடத் தெரியாது.

"தாராவியில் மக்களுக்குத் தனிமை எங்கே கிடைக்கிறது?" என்று திரையிலிருந்த பேராசிரியை கேட்டார். மொட்டை மாடி, இயர்போன் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டேன்.

"அது கிடைக்கிற இடம்னு ஒண்ணு இல்லைங்க. சுத்தி இருக்கிறவங்க தர்றாங்க. இப்போ எனக்குத் தந்துட்டிருக்காங்க" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். எங்கிருந்து பேசுகிறேன் என்றதும் அவர் நம்பவேயில்லை.

முடிந்ததும் ஏணியில் லாத்தாவின் தலை தெரிந்தது. "ஆச்சா? மிஷின ஓட்டச் சொல்லட்டா?" என்றார். தலையை ஆட்டினேன். சந்து முழுக்க ஒரே நேரத்தில் சத்தம் கிளம்பியது.

இடம் கிடைத்தது, ஸ்காலர்ஷிப்பும்தான். ஸ்வீட் பாக்ஸோடு ஓடினேன். லாத்தா என் கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சினார். அப்புறம்தான் கேட்டார், தங்குவது எங்கே என்று. ஹாஸ்டலில் எனக்கே எனக்கென்று ஒரு ரூம் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

"யா அல்லா, அங்க ஒத்தையிலயா கெடப்ப, புள்ள?"