தெற்கு மனையும் எங்கள் வெயிலும்

எங்கள் வீட்டில் சோலார் போடுவது என்று முடிவெடுத்தவள் நான்தான். கணவர் ஒரு வருடமாக யூடியூபில் அதைப் பற்றி வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க அவருக்குச் சந்தேகம்தான் கூடியது. எனக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. காட்டாங்குளத்தூரில் நான் வேலை செய்யும் கல்லூரி அலுவலகத்தில் இரண்டு பேர் ஏற்கெனவே போட்டிருந்தார்கள். அவர்களிடம் விசாரித்து, இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்டு, ஒரு கம்பெனியை வரச் சொல்லிவிட்டேன்.

"எதுக்கும் இன்னொரு தடவை யோசிக்கலாமே" என்றார் அவர்.

"யோசிச்சாச்சுங்க" என்றேன்.

சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் வீடு. தரைத்தளமும் ஒரு மாடியும். தெற்குப் பக்கம் ஒரு காலி மனை. நாங்கள் குடிவந்த நாளிலிருந்து அதில் கருவேலமும் ஆமணக்கும் தவிர வேறெதுவும் எழும்பியதில்லை. கம்பெனி இன்ஜினியர் பார்க்க வந்தபோது நானே கேட்டேன், அந்தப் பக்கம் யாராவது வீடு கட்டினால் என்ன செய்வது என்று. "கட்டும்போது பாத்துக்கலாம் மேடம். இப்போதைக்கு தெற்கு ஓரம்தான் பெஸ்ட்" என்றார். எனக்கும் சரியென்றே பட்டது.

ஆவணி மாதம் ஒரு சனிக்கிழமை ஆட்கள் வந்தார்கள். மொட்டைமாடியின் தெற்கு ஓரத்தில் அளந்து கோடு போட்டு, ஸ்டாண்டுக்கு ஓட்டை போட ஆரம்பித்தார்கள். இரண்டு ஓட்டை விழுந்திருக்கும். கீழே இருந்து ஒரு குரல் கேட்டது.

"யாருப்பா மாடில? சார்! இங்க பாருங்க சார்!"

எட்டிப் பார்த்தோம். காலி மனையில் ஒருவர் முள்ளை வெட்டிக்கொண்டிருந்தார். அவரை வேலை வாங்கிக்கொண்டு, இடுப்பில் கைவைத்து நின்றிருந்த அம்மாளைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கேம்ப் ரோட்டில் மீன் கடை வைத்திருப்பவர். கோவளம் பக்கத்துக்காரர். பல வருடங்களாக அவரிடம்தான் வஞ்சிரம் வாங்குகிறேன்.

"அக்கா, நீங்களா?"

"அட, உங்க வூடா இது? இந்த எடம் என்னுதும்மா. தையில பூசை போட்டு வூடு கட்டப் போறேன். கீழ ஒண்ணு, மேல ரெண்டு. இந்த ஓரத்துல தகட்ட வெச்சீங்கன்னா எல்லாம் என் வூட்டு நெழல்ல பூடும். அப்பால என்னைத் திட்டிக்கினு இருக்கக் கூடாது பாருங்க, அதான் கூப்ட்டேன்."

கணவருக்கு முகம் சிவந்துவிட்டது. "இத்தனை வருஷம் சும்மா கெடந்த இடம். கம்பி ஏத்தின அன்னைக்குத்தான் வந்து சொல்லணுமா?" என்று என்னிடம் மெதுவாகச் சீறினார். அவர் முன்னாடியே யோசிக்கலாமென்று சொன்ன காரியம் வேறு. 'நான் அப்பவே சொன்னேன்' என்ற வரி அவர் வாயில் வருவதற்குள் நான் ஆட்களிடம் திரும்பி, "அண்ணா, டிரில்லை நிறுத்துங்க" என்றேன். பிறகு கீழே பார்த்து, "அக்கா, கொஞ்சம் மேல வாங்களேன்" என்றேன்.

வந்தார். மாடியைச் சுற்றிப் பார்த்தார். தன் கைப்பேசியில் இருந்த வீட்டுப் பிளானை எங்களுக்குக் காட்டினார். மாடிப்படி எங்கள் சுவரை ஒட்டிய வடக்குப் பக்கத்தில் இருந்தது. அதன் உச்சியில் ஒரு படிக்கட்டு அறை, அதற்கும் மேலே தண்ணீர் டேங்க். மூன்று தளங்களின் நிழலைக்கூடச் சமாளித்துவிடலாம். அந்த உச்சிதான் மார்கழி வெயிலில் எங்கள் மாடி முழுவதையும் விழுங்கிவிடும்.

"அக்கா, நேராவே கேக்கறேன்" என்றேன். "எங்க டேங்கை மூலைக்கு மாத்திட்டு, பேனலை எல்லாம் வடக்குப் பக்கம் தள்ளிடறேன். நீங்க மாடிப்படியை மட்டும் தெற்கே கொண்டுபோக முடியுமா?"

கணவர் என் முழங்கையைத் தொட்டார். இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டாத ஒருவரிடம் உன் வீட்டை மாற்றிக் கட்டு என்று கேட்பதா என்பது அதன் பொருள். கேட்காமல் எப்படித் தெரியும்? முடியாதென்றால் முடியாதென்று சொல்லப் போகிறார், அவ்வளவுதானே.

அக்கா பிளானைப் பெரிதாக்கி, சாய்த்து, திருப்பிப் பார்த்தார். "எந்தப் பக்கம் ஏறினா இன்னா, மேலதானே போகப் போறேன்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்தார். "எங்க வூட்டுக்காரருதான். பக்கத்து வூட்டு வெயிலுக்காக மாத்தறேன்னா குதிப்பாரு. டேங்கு தென்மேற்குல இருந்தா வாஸ்துக்கு நல்லதுன்னு சொல்றாங்கல்ல? அப்டி சொன்னா வாயத் தொறக்க மாட்டாரு."

எனக்கு வாஸ்துவில் நம்பிக்கை கிடையாது. அன்றைக்கு நான் அதை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஆனா ஒண்ணு" என்றார் அவர். "கட்டும்போது ஜல்லி, மணலு எல்லாம் ரோட்டுலதான் கொட்டுவேன். சத்தம் இருக்கும், தூசி பறக்கும். ஒரு தபா கூட கார்ப்பரேஷனுக்கு போன் போடக் கூடாது."

"போட மாட்டோம்."

"நீங்க போட மாட்டீங்க. சார் சொல்லட்டும்."

கணவர் தரையில் போட்டிருந்த இரண்டு ஓட்டைகளைப் பார்த்தார். "போட மாட்டேங்க" என்றார்.

அடுத்த வாரம் பிளம்பர் வந்து டேங்கை நகர்த்தினார். பேனல்கள் வடக்குப் பக்கம் ஏறின. புது மீட்டர் வந்த பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஒரு வருடம் சந்தேகப்பட்ட மனிதர் இப்போது அரை மணிக்கொரு தரம் கைப்பேசியைத் திறந்து, எவ்வளவு மின்சாரம் வருகிறது என்று பார்த்தார். மேகம் மூடினால் முகம் வாடினார். தெருவில் யாராவது மின்கட்டணம் பற்றிப் புலம்பினால், நின்று விளக்கம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

தையில் சொன்னபடி வேலை ஆரம்பித்தது. சொன்னபடியே தூசியும் வந்தது. பேனல் கண்ணாடி மேல் மாவு தூவினாற்போலப் படிந்தது. கைப்பேசியில் எண் இறங்கியது.

"ஒரே ஒரு போன்..." என்றார் கணவர்.

"வாக்குக் குடுத்தாச்சுங்க."

"நீ குடுத்தே."

"நீங்களும்தான்."

அதன்பிறகு ஞாயிறுதோறும் வெயில் ஏறுவதற்கு முன் நாங்கள் இருவரும் பேனல் கழுவினோம். அவர் குழாயைப் பிடிப்பார், நான் நீளக் கம்பு வைத்த துடைப்பானால் தேய்ப்பேன். முதல் சில வாரங்கள் முணுமுணுத்துக்கொண்டே செய்தார். பிறகு எனக்கு முன்னால் எழுந்து மாடிக்குப் போனார். எங்களுக்குள் அவ்வளவு பேச்சு நடந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

டைல்ஸ் வெட்டிய வாரம்தான் மோசம். அந்த ஞாயிறு நாங்கள் கழுவிக்கொண்டிருக்கும்போது அந்த அக்கா கையில் பக்கெட்டோடு மாடியேறி வந்துவிட்டார். "தள்ளும்மா" என்று என் கையிலிருந்ததை வாங்கினார். கடை மேடையைக் கழுவும் அதே வேகத்தில் மேலிருந்து கீழே ஒரே வீச்சாகத் தண்ணீரைத் தள்ளினார். பாதியில் நிறுத்தி, சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கத்தினார்.

"யோவ் மேஸ்திரி! தண்ணி ஊத்தி வெட்டுய்யா! இங்க எல்லாம் புழுதியா கீது!"

அடுத்த நாளிலிருந்து தூசி பாதியாகக் குறைந்தது.

வீடு முடிந்து வந்த முதல் மார்கழியில் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு மாடியில் நின்றேன். நண்பகலில் அவர்கள் சுவரின் நிழல் எங்கள் தரையில் கொஞ்ச தூரம் வந்து நின்றது. சாயங்காலம் ஆக ஆக நீண்டு, கடைசிப் பேனலின் ஒரு மூலையைத் தொட்டது. அதற்கு மேல் வரவில்லை. மற்றவை எல்லாம் வெயிலில் பளபளத்தன. கீழே இறங்கி வந்து கணவரிடம் சொன்னேன். "தெரியும், போன்ல பாத்துட்டுதான் இருக்கேன்" என்றார்.

அக்கா குடும்பம் தரைத்தளத்தில் இருக்கிறது. மேல் மாடியில் ஒரு தம்பதி வாடகைக்கு வந்திருக்கிறார்கள். போன வாரம் அவர்கள் துணி சாயம் வெளுக்காமல் காய நிழல் வேண்டுமென்று, அந்த மொட்டைமாடியில் எங்கள் பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் கம்பு நட்டு உயரமாகத் தார்ப்பாய் கட்டப் பார்த்தார்கள். சமையலறையில் இருந்த எனக்கு அக்காவின் குரல் கேட்டது.

"அந்தப் பக்கம் கட்டாதீங்கப்பா. அது அவங்க வெயிலு."

எங்கள் மாடிக்கு ஏறிப் போய்ப் பார்த்தேன். அவர்கள் ஒன்றும் புரியாமல் தார்ப்பாயை அவிழ்த்து, மறுபக்கம் தூக்கிக்கொண்டு போனார்கள்.