மைனஸ் ஒன்று

பிள்ளைகளே, கள்ளக்குறிச்சியில் உங்கள் அப்பாவான என் கணினிக் கடையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அங்கே இருக்கும் ஆறு கணினிகளும் இணையத்தோடு நேராகப் பேசுவதில்லை. ஓரத்தில் இருக்கும் ஏழாவது கணினி வழியாகத்தான் எல்லாம் போகும், வரும். அதற்கு ப்ராக்ஸி என்று பெயர். பதில் வர எத்தனை விநாடி காத்திருக்கலாம் என்று அதில் எழுதி வைக்க வேண்டும்.

நான் பத்தாவது வரை படித்தவன். வேறொரு மென்பொருளில் மைனஸ் ஒன்று என்று போட்டால் எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும். இதிலும் அதையே போட்டேன். முரண்டு பிடிக்காமல் ஓடியது. சரிதான் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெண் வந்தாள். நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். சாதிச் சான்றிதழைத் தன் செல்போனில் படம் எடுத்து வந்திருந்தாள். மற்ற பக்கங்கள் எல்லாம் திறந்தன. படத்தை ஏற்றும்போது மட்டும் இணைப்பு பாதியில் அறுந்தது.

"உன் செல்லுதாம்மா சரியில்ல. நல்ல செல்லுல எடுத்துக்கினு வா," என்றேன்.

"நாளைக்குக் கடைசி நாளுங்க."

"காலையிலயே வந்துடு."

வந்தாள், கையில் இரண்டு செல்போன்களோடு. அவளும் அம்மாவும் வீடு வீடாகக் கேட்டு, கடைசியில் அடுத்த ஊர் ஆசிரியரிடம் ஒன்றை இரவல் வாங்கியிருந்தார்கள். அதில் எடுத்த படமும் பாதியில் நின்றது.

"இதுவும் சரியில்லீங்களா? இத விட நல்ல செல்லு எங்க மலையிலயே இல்லீங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போதுதான், நடப்பதையெல்லாம் ப்ராக்ஸி தானே எழுதி வைக்கும் பதிவுக் கோப்பைத் திறந்தேன். நான் மாற்றிய அன்றே அதில் ஒரு வரி விழுந்திருந்தது: மைனஸ் ஒன்று செல்லாது, ஐந்து விநாடியாக எடுத்துக்கொள்ளப்பட்டது. அது சொல்லித்தான் இருக்கிறது; நான் படிக்கவில்லை. சின்னப் பக்கங்களுக்கு ஐந்து விநாடி போதும். கனமான படத்துக்குப் போதாது.

அறுபது என்று மாற்றி, ப்ராக்ஸியை நிறுத்தித் திரும்ப ஓட்டினேன். அவளுடைய சொந்த செல்போனில் இருந்த பழைய படத்தையே ஏற்றச் சொன்னேன். ஏறியது. விண்ணப்பமும் போய்ச் சேர்ந்தது.

"அப்ப எங்க செல்லுல கோளாறு ஒண்ணும் இல்லீங்களா?"

"இல்லம்மா. கோளாறு நான் பண்ணது."

"நேத்தெல்லாம் எங்கம்மா, 'புள்ளைக்கு ஒரு நல்ல செல்லு வாங்கித் தர வக்கில்லாம போச்சே'ன்னு அழுதுக்கினு இருந்தாங்க," என்றாள். பிறகு வீட்டில் அம்மாவிடம் இருந்த பட்டன் செல்போனுக்கு அழைத்து, தன் செல்போனை என்னிடம் நீட்டினாள். "நீங்களே சொல்லிடுங்க."

வாங்கிக் காதில் வைத்தேன்.

"அம்மா, கணினிக் கடைக்காரன் பேசறேங்க. உங்க பொண்ணோட செல்லு நல்லாத்தான் இருக்குதுங்க…"