அவருக்கு ஆயுதம் வேணாம்

பேய், பிசாசு என்று யாராவது பேச்சை எடுத்தால் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிடுகிற ஆள் நான். பயத்தில் இல்லை, எரிச்சலில். பினாங்கில், பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பூதக்கண்ணாடிக்குக் கீழே சர்க்கியூட் பலகைகளை வைத்து, பழுது இருக்கிறதா இல்லையா என்று சொல்வதுதான் என் வேலை. கண்ணுக்குத் தெரிந்தால் பழுது, தெரியாவிட்டால் நல்லது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த உலகம். அதனால் இப்போது சொல்லப்போவதை நீங்கள் என்ன முகத்தோடு கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை. என்னைப் பெற்றவளே அந்த முகத்தோடுதான் கேட்டாள்.

என் வீட்டுக்காரர் சேகர் எனக்கு நேர் எதிர். ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் ஒரு ஜோம்பி தொடர் ஓடியது என்று சொன்னால் அது தப்பு, நாங்கள்தான் அந்தத் தொடருக்குள் குடியிருந்தோம். செத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள், உயிரோடு இருப்பவர்களைக் கடிக்கிறார்கள், கடிபட்டவர்களும் செத்து எழுந்து நடக்கிறார்கள், கதை அவ்வளவுதான். அதை அவர்கள் வருஷக்கணக்காக எடுத்தார்கள், இவரும் வருஷக்கணக்காகப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் பாலா வந்துவிடுவான், புக்கிட் தெங்காவில் இவரோடு ஒரே ஷிப்டில் வேலை செய்கிறவன். எங்கள் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்த மல்லிகாவும் வந்து ஓரமாக உட்கார்ந்துகொள்வாள். அவள் என் தொழிற்சாலையில் வேலை செய்கிற பெண், அதிகம் பேசமாட்டாள்.

படம் பார்ப்பதைவிட இவர்கள் பேசுவதுதான் அதிகம். அடுத்த வாரம் யார் சாவார்கள், யாரை எழுத்தாளன் காப்பாற்றி வைப்பான், இதெல்லாம் நம் பினாங்கில் நடந்தால் எங்கே ஓடுவது.

“இது தீவுலாண்ணே. ரெண்டு பாலத்தையும் உடைச்சிட்டா ஒன்னும் உள்ள வராது,” என்பான் பாலா.

“ஏற்கெனவே உள்ள இருக்கிறத என்னடா பண்ணுவ? நேரா பாலிக் புலாவ் போயிடணும். டுரியான் தோட்டத்துல, மேட்டுல ஒரு குடிசை. கீழ வேலி. அசால்ட்டா தாங்கலாம்,” என்பார் இவர்.

அப்புறம் ஆயுதம். துப்பாக்கிக்கு இந்த ஊரில் எங்கே போவது, அதனால் கையில் கிடைப்பதைத்தான் பேசுவார்கள். இவரிடம் ஒரு பாராங் கத்தி இருந்தது, வாரா வாரம் தீட்டுவார், தேங்காய் வெட்டக்கூட எனக்குத் தரமாட்டார். பாலா, ஃபேக்டரிச் சுவரில் மாட்டியிருக்கும் தீயணைப்புக் கோடாரியைக் கண்ணாடியை உடைத்து எடுத்துக்கொள்வானாம். மல்லிகாவைக் கேட்டால், “எனக்கு ஒரு நல்ல சப்பாத்து போதும்ணே, ஓடிருவேன்” என்பாள். எனக்கு இவரே ஒதுக்கிக் கொடுத்திருந்தார், சம்பல் இடிக்கிற கல்லின் குழவி.

“உனக்குக் கை பலம் இருக்கு சாந்தி. ஆனா தலையில அடிக்கணும், தலையில மட்டும். கழுத்துல அடிச்சா திரும்ப எழுந்திரிச்சி வந்துரும்.”

உலகம் அழிந்தால் என்னைக் காப்பாற்ற இவ்வளவு திட்டம் வைத்திருந்த மனிதர், சமையலறைக் குழாய் மாதக்கணக்கில் ஒழுகியதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் காய்ச்சலில் கிடந்தால் ஒரு கஞ்சி வைக்கத் தெரியாது. குடிப்பார், பெரிதாகச் சிரிப்பார், சின்ன விஷயத்துக்கு வீடு அதிரக் கத்துவார். ஒருநாள் போதையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் மாறிட்டா நீதான் முடிக்கணும். பாலா வேணாம், நீதான்” என்றார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது, நம்புங்கள் நம்பாமல் போங்கள், எங்கள் கல்யாணத்தில்கூட அவர் அப்படிக் கலங்கவில்லை. “சரி சரி, முடிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு நான் துணியை மடித்து முடித்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை நல்ல மழை. இவரும் பாலாவும் இரவு ஷிப்ட் முடிந்து ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்கள். எனக்கும் மல்லிகாவுக்கும் அன்று லீவு, பசியாறலாம் என்று உட்கார்ந்த நேரம் பாலாவின் ஃபோன் வந்தது. முதலில் மழைச் சத்தம்தான் கேட்டது. அப்புறம் அழுகை.

“அண்ணி, அண்ணன் போயிட்டாரு அண்ணி. லோரி மேல ஏறிருச்சி. நான் பாத்தேன் அண்ணி, என் கண்ணு முன்னால.”

நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. தரையில் உட்கார்ந்திருந்தேன், மல்லிகா என் தோளைப் பிடித்திருந்தாள், அவ்வளவு தெரியும். உடை மாற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்க வேண்டும், பாலா ஃபோனை எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படிப் போனது என்று கேட்காதீர்கள். கிரில் கேட்டின் பூட்டு திறக்கிற சத்தம் கேட்டது. தலைக்கவசத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு சேகர் உள்ளே வந்தார். சொட்டச் சொட்ட நனைந்திருந்தார்.

“மோட்டாரு சறுக்கிருச்சி. பஸ்ல வந்தேன்,” என்றார். 

நான் அவரைப் பிடித்து உலுக்கினேன், அடித்தேன், அழுதேன். அவர் நின்றுகொண்டே இருந்தார். சட்டையைக் கழற்றியபோது பார்த்தேன், சட்டையின் முதுகிலிருந்து தோள் வரை அகலமாக ஒரு டயர்த் தடம். கறுப்பாக, பள்ளம் பள்ளமாக, அச்சடித்த மாதிரி. சட்டைக்கு அடியில் தோலில் ஒரு கீறல் இல்லை. கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். ரத்த அழுத்தம் பார்த்த தாதி பட்டையை மாற்றி மாற்றிச் சுற்றினாள், மெஷின் கெட்டுப்போய்விட்டது என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். டாக்டர் வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார். கடவுள் காப்பாற்றினார் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் கோயிலில் ஓர் அர்ச்சனை செய்தேன்.

ஞாயிறன்று பாலா வரவில்லை. நான்தான் ஃபோன் செய்து வரச் சொன்னேன், நண்பனைப் பார்த்தால் இவர் பேசுவார் என்று நினைத்தேன், ஏனென்றால் இரண்டு நாளாக ‘ம்’, ‘இல்ல’ தவிர அவர் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. பாலா வந்தான், சோபாவின் மறுமுனையில் உட்கார்ந்தான். தொடர் ஓடியது. மற்ற நாளாக இருந்தால் இவர் போடுகிற கூச்சலுக்குக் கீழ்வீட்டுச் சீனர் கம்பியால் தட்டுவார். அன்று இவர் திரையைப் பார்த்தபடி கைகளைத் தொடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கிறவர் மாதிரி.

பாலாதான் தாங்கமுடியாமல் ஆரம்பித்தான். “என்னண்ணே, இந்த சீசன்ல யாரு அவுட்டு?”

பாலா சுற்றுமுற்றும் பார்த்தான்.

“பாராங்க காணோமே? அதுங்க வந்துட்டா என்னத்த வச்சி அடிப்பீங்க?” என்று சிரிக்கப் பார்த்தான்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த மல்லிகா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “அவருக்கு ஆயுதம் வேணாம்” என்றாள்.

சேகர் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. ஆமாம் என்பது போல் ஒருதரம் தலையை ஆட்டிவிட்டு மறுபடி திரையைப் பார்த்தார். பாலா எழுந்தான். நான் வாசல் வரை பின்னால் போனேன், படிக்கட்டில் நின்று காதோடு சொன்னான்.

“அண்ணி, நான்தான் என் மழைக்கோட்ட எடுத்து அண்ணன் மேல போத்தினேன். முகத்தையும் சேத்து மூடினேன். எதுக்கு மூடுவாங்கன்னு உங்களுக்குத் தெரியும்தானே? லோரிக்காரன் கிட்ட போயி பேசிட்டுத் திரும்புறேன், கோட்டு மட்டும்தான் ரோட்டுல கிடக்கு.”

அவன் வெறுங்காலோடு போய்விட்டான். செருப்பு எங்கள் வாசலிலேயே கிடந்தது. பாலிக் புலாவ் மேட்டில் உயிரைக் கொடுத்துக் கடைசிவரை கூட நிற்பேன் என்றவன், அதற்கப்புறம் எங்கள் பக்கமே வரவில்லை. வேலையையும் மாற்றிக்கொண்டுவிட்டதாகக் கேள்வி.

மறுநாள் கேண்டீனில் மல்லிகாவைப் பிடித்தேன். எனக்கு ஆத்திரம். “என் வீட்டுல இருந்துக்கிட்டு என்ன பேச்சு பேசின? அதுக்கு என்ன அர்த்தம்?”

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். “கோவிச்சுக்காதீங்கக்கா. படத்துல நீங்க பாக்கிறதில்லையா? அதுங்க ஒன்ன ஒன்னு கடிக்காதுங்க.”

“பைத்தியமாடி உனக்கு?”

“முந்தியெல்லாம் அண்ணன் விடுற குறட்ட சுவரு தாண்டி என் ரூமுக்குக் கேக்கும். இப்ப குறட்ட இல்லாட்டி போகட்டும்கா. மூச்சு சத்தம் கேக்குதா உங்களுக்கு? பக்கத்துலதானே படுக்கிறீங்க.”

நான் என் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அந்த வாரமே அவள் ஜொகூரில் வேலை கிடைத்துவிட்டது என்று பெட்டியைக் கட்டினாள். போகும்போது என் கையைப் பிடித்து, “நீங்களும் வந்துருங்கக்கா” என்றாள். எங்கே போவது, என்ன காரணம் சொல்லிப் போவது?

ஏனென்றால், இதுதான் எனக்கு வயிறு எரிகிற இடம், அந்த விபத்துக்கு அப்புறம் அவர் மாதிரி ஒரு புருஷன் இந்த பிளாட்டிலேயே கிடையாது. குடியில்லை. கத்தல் இல்லை. வேலை விட்டால் வீடு. குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டுவார், துணி காயப்போடுவார், வைத்ததைச் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைப்பார். உப்பில்லாமல் ஒருநாள் வேண்டுமென்றே குழம்பு வைத்தேன், அதையும் சாப்பிட்டார். பக்கத்து வீட்டு ராணி, “குடுத்து வச்சவடி நீ, ஒரு அடி பட்டதும் மனுஷன் எப்படித் திருந்திட்டாரு பாரு” என்கிறாள். அம்மாவிடம் சொல்லி அழுதேன். “குடிக்கல, அடிக்கல, சொன்ன பேச்சு கேக்கிறாரு. இதுக்கு மேல ஒரு பொம்பளைக்கு என்னடி வேணும்?” என்றாள். அந்தக் கத்துகிற சேகர் வேண்டும் என்று எப்படிச் சொல்வது? அத்தனை வருஷம் அவர் வாயை மூடமாட்டாரா என்று வேண்டியவளும் நான்தானே.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். சம்பலுக்கு மிளகாய் இடித்துக்கொண்டிருந்தேன். இவராகவே ஸ்பானரை எடுத்து வந்து, ஒழுகுகிற குழாயைப் பார்க்கச் சிங்க்குக்குக் கீழே மண்டியிட்டுத் தலையை உள்ளே விட்டார். “டார்ச்சு பிடி,” என்றார். இடது கையில் டார்ச்சைப் பிடித்தேன். வலது கையில் குழவி இருந்தது, கீழே வைக்கவில்லை. அவர் பின்னந்தலை எனக்கு நேராக இருந்தது. முடி நரைத்திருந்தது, கழுத்தில் நான் கட்டிவிட்ட கறுப்புக் கயிறு. வெளிச்சத்தை அவர் முதுகின்மேல் இறக்கிப் பார்த்தேன். சட்டை மேலும் கீழும் அசைகிறதா என்று பார்த்தேன். எவ்வளவு நேரம் பார்த்தேனோ, வெளியே ரொட்டிக்காரரின் மோட்டார் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து, நின்று, போயே போய்விட்டது. சட்டை அசையவில்லை.

என் வலது கை தானாக உயர்ந்திருந்தது. அடிக்கத்தான் உயர்த்தினேனா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அவர் திரும்பவில்லை. உள்ளே இருந்தபடியே, மெல்ல, ரொம்ப நாளைக்கு அப்புறம் பழைய குரலில் சொன்னார். “இன்னும் கொஞ்சம் மேல, சாந்தி.”

டார்ச்சைத்தான் சொன்னார். நான் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன், டார்ச்சைத்தான். குழவி என் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது, ஓடு உடைந்தது, நீங்கள் வந்தால் காட்டுகிறேன். அவர் சற்று நேரம் அப்படியே குனிந்து காத்திருந்தார். பிறகு குழாயை முறுக்கி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, உடைந்த ஓட்டைப் பொறுக்கினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. குழாய் அன்றிலிருந்து ஒழுகவில்லை.

இப்போது மழைக்காலம், எங்கள் பிளாட்டில் டிங்கிக் காய்ச்சல். சுகாதாரத் துறையினர் வந்து புகையடித்துவிட்டுப் போனார்கள், கொசு குறைந்தபாடில்லை. போன வாரம் சாயங்காலம் சன்னலோரம் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம், அவர் சட்டையில்லாமல், நான் கை கால் எல்லாம் அறைந்துகொண்டு. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவர் ஒருதரம்கூடக் கையை ஓங்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு கொசு வந்து அவர் முழங்கையில் உட்கார்ந்தது. அங்குமிங்கும் நடந்தது. நடந்துவிட்டு எழும்பி வந்து என் கையில் உட்கார்ந்து கடித்தது.

அவரும் அதைப் பார்த்திருக்கிறார். “உன்னைய இன்னும் கடிக்குது,” என்றார். அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருந்தது.

அந்த ‘இன்னும்’ என்னைத் தூங்கவிடுவதில்லை. இப்போதெல்லாம் சாயங்காலமானால் சன்னலைத் திறந்து வைத்துவிட்டு, கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். டிங்கி வந்து சாகப்போகிறாய் என்று ராணி திட்டுகிறாள், திட்டட்டும். ஏதாவது ஒன்று வந்து கடிக்கிற வரைக்கும் என்னால் எழுந்துபோய்ச் சாமி விளக்கை ஏற்ற முடியவில்லை.