ராத்தாவின் வீட்டுக் கதவு

எங்கள் ஊரில் பெண்பிள்ளை பிறந்ததுமே வாப்பாமார் வீடு கட்டத் தொடங்கிவிடுவார்கள். கல்யாணம் முடித்து வரும் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டில்தான் குடியேறுவார். ஆகவே மகளுக்கென்று ஒரு வீடு வேண்டும். கல்முனைப் பக்கத்து வழக்கம் அது. வசதி குறைந்தவர்கள் ஒரு வருசம் கல், மறு வருசம் ஓடு என்று சேர்த்து வைப்பார்கள். என் அக்காவான ராத்தாவுக்கு அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பே வாசல் கதவு வந்துவிட்டது.

முதிரை மரக் கதவு. மேலே பூவேலை, அதோடு இன்னும் அடிக்காத, பளபளக்கும் பித்தளைத் தாழ்ப்பாள். சம்மாந்துறை வயல்களில் உழவு மெஷின் ஓட்டும் வாப்பா, நல்ல விளைச்சல் கண்ட ஒரு போகத்துக்குப் பிறகு அதைக் கொண்டுவந்து, சாக்கு சுற்றி மண்டபத்துச் சுவரில் சாத்தி வைத்தார். தங்கச்சி நான் அப்போது நாலாம் வகுப்பு. யாரும் இல்லாத நேரம் அந்தக் கதவைத் தட்டி, ஸலாம் சொல்லி, நானே பதிலும் சொல்லிக்கொள்வேன்.

பத்தாம் வகுப்பில் படித்த ராத்தா மாசத்தில் சில நாள் பாடசாலைக்கு வரமாட்டாள். கேட்டால் காய்ச்சல் என்பார்கள். கணக்குச் சோதனை நாளில் அந்தக் காய்ச்சல் எனக்கு ஏன் வருவதில்லை என்று பொறாமையாக இருக்கும். ஒரு தடவை வேண்டுமென்றே உச்சி வெயிலில் போய் நின்றேன். காய்ச்சல் வரவில்லை, உம்மாவின் கையால் அடிதான் கிடைத்தது.

ஒருநாள் பாதிப் பாடத்தில் ராத்தா அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாள். “நான் இனி ஸ்கூலுக்குப் போகமாட்டன் உம்மா” என்றாள். அறைக்குள் இருவரும் மெதுவாகக் கதைத்தது எனக்கு முழுதாகக் கேட்கவில்லை. எங்கள் பாடசாலை கடற்கரையோரம். பெண்பிள்ளைகளின் மலசலகூடத்துக்கு இருந்தது உக்கிப்போன ஒரு தகரக் கதவு, தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே ஒருத்தி போனால் வெளியே ஒருத்தி பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அன்று பிடித்திருந்தவளை யாரோ வகுப்புக்குக் கூப்பிட, கடல்காற்று கதவை அப்படியே திறந்துவிட்டிருக்கிறது. மைதானத்தில் பையன்கள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். வெள்ளை உடுப்பும் கறையுமாக ராத்தா நின்ற கோலத்தை நான் பிற்காலத்தில்தான் அறிந்தேன்.

வாப்பாவின் அக்காவான மாமிக்கு இது நல்லதாகப் பட்டது. “வளந்த புள்ளைக்கு இனி என்னத்துக்குப் படிப்பு தம்பி? நிந்தவூர்ல ஒரு மாப்பிள்ள இரிக்கி. கதவும் ஊட்டுக்குள்ளதானே கிடக்கு” என்றார். கதவு இருந்தால் கல்யாணம் முடிந்த மாதிரித்தான் மாமிக்கு. ராத்தாவின் புத்தகங்கள் அலுமாரிக்கு மேலே ஏறின. டொக்டர் ஆவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் முற்றம் கூட்டினாள்.

உம்மா சும்மா இருக்கவில்லை. மனையியல் டீச்சரையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்த் தாய்மாரைச் சேர்த்தார். எல்லா வீட்டிலும் அதே காய்ச்சல்தான் இருந்தது. பெற்றார் கூட்டத்தில் உம்மா எழும்பியபோது பக்கத்தில் நான் இருந்தேன். உம்மாவின் குரல் கடைசி வாங்கு வரைக்கும் கேட்டது.

“மாசா மாசம் நம்மட புள்ளையள் ஏன் ஊட்டுல நிக்கிதுகள் எண்டு யாரும் கேட்டீங்களா? ஹைளு வந்தா கழுவத் தண்ணி இல்ல, துணி மாத்த மறைவில்ல, போட ஒரு வாளி இல்ல. இதுக்காகப் படிப்ப உடணுமா?”

மாதவிலக்கை உம்மா சபையில் பேர் சொல்லிக் கதைத்ததும் ஆம்பிளைகள் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் காற்றாடியை அப்போதுதான் முதன்முதலாகக் காண்பவர்போல அண்ணாந்து பார்த்தார். கடைசியில் பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்கார் ஒருவர் தொண்டையைச் செருமினார். “ஹைளுட சட்டத்த சின்ன வயசிலயே மார்க்கக் கிதாபுல ஓதின நாமதானே? அங்க ஓதலாம், இங்க கதைக்க வெக்கமா?” என்றார். அதற்குப் பிறகு ஊர் வாய் திறந்தது. ஒருவர் சீமெந்து என்றார், ஒருவர் மணல் என்றார், இன்னொருவர் தண்ணீர்த் தாங்கி என்றார். நப்கின் வைக்க ஒரு அலுமாரிக்கு டீச்சர் பொறுப்பெடுத்தார். அது காலியாகாமல் பார்த்துக்கொள்வதாகத் தாய்மார் சொன்னார்கள்.

ஊரே கூலியில்லாமல் கைகொடுத்த சிரமதானத்தன்று பாண்டிருப்பு மேசன் சுவரை எழுப்ப, உம்மாமார் சோறு சமைக்க, பாடசாலை கல்யாண வீடாக இருந்தது. சுவர் ஆயிற்று, குழாய் ஆயிற்று. கதவை மட்டும் எல்லோரும் மறந்துவிட்டிருந்தார்கள். இப்போதைக்குப் பழைய தகரத்தையே அடிப்போம் என்று யாரோ சொன்னதும் வாப்பா உழவு மெஷினை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது மெஷினின் பின்பெட்டியில் அந்த முதிரைக் கதவு கிடந்தது.

நான் கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். “அது ராத்தாட கதவு வாப்பா!” மாமி தலையில் கையை வைத்தார். “கக்கூசுக்கு முதிரைக் கதவா? ஊர் சிரிக்கப் போகுது தம்பி.”

“பொம்புளப் புள்ளைக்கெண்டுதானே வாங்கின நான்? பொம்புளப் புள்ளைக்குத்தான் போகுது” என்றார் வாப்பா.

ஊர் சிரிக்கத்தான் செய்தது. அக்கரைப்பற்றிலிருந்து வந்தவர்கள்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எங்கள் ஊரில் இதைவிட நல்ல கதவு பள்ளிவாசலுக்கு மட்டும்தான் இருந்தது. பாடசாலை அதிபரின் அறைக் கதவு இதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது.

ராத்தா புத்தகங்களை இறக்கினாள். முதல் நாள் உள்ளே போனவள் தாழ்ப்பாளைப் போடுவதும் திறப்பதுமாகவே நின்றாள். வெளியே யாரும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. இன்று அவள் டொக்டர். தனக்கென்று கட்டிய வீட்டில் சாதாரணப் பலகைக் கதவு போட்டுக்கொண்டு சந்தோசமாக இருக்கிறாள். என் வாப்பாவையும் உம்மாவையும் நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கதவைப் பொருத்திய அன்று தச்சு வேலை செய்த ஓடாவி தாழ்ப்பாளை வழக்கமான உயரத்தில் வைத்து அடிக்கப் போனார். வாப்பா தடுத்து, அழுதுகொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, கதவோடு சேர்த்து நிற்கவைத்தார். என் தோள் மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு, “இதுல அடிங்க” என்றார். இன்றைக்கும் டீச்சர்மார் அதைக் குனிந்துதான் பூட்டுகிறார்கள். கட்டியவனுக்கு அளவு தெரியாது என்று திட்டுவார்களாம். வாப்பா அன்று கதவைப் பார்க்கவில்லை, எனக்கு வரப்போகும் நாளைப் பார்த்தார். அழுகையை நிறுத்தத்தான் என்னை அளக்கிறார் என்று நான் நினைத்தேன். கொஞ்சம் உயரமாகத் தெரியட்டும் என்று குதிக்காலை உயர்த்தி நின்றேன்.