மக்டலீனின் சுமைக் கணக்கு

மக்டலீனின் விளையாட்டில் சேருகிறவர்களுக்கு முதல் நாளே ஒன்று விளங்கிவிடும்: தாளில் எழுதாத பொருள் உங்களிடம் கிடையாது. வாள் இருக்கிறது, கேடயம் இருக்கிறது, மந்திரச் சுவடி இருக்கிறது என்று பெருமையடித்துக்கொண்டு குகைக்குள் இறங்குவீர்கள். உள்ளே கும்மிருட்டு. பந்தம் யாரிடம் என்று அவள் கேட்பாள். ஆளை ஆள் பார்ப்பீர்கள். அவ்வளவுதான், உங்கள் வீரம் அதோடு சரி.

ஸ்காபரோவில் அவள் குடியிருந்த அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஒரு பார்ட்டி றூம் இருந்தது. ஞாயிறு பூசைக்குப் போய் வந்து, சாப்பிட்டு, பின்னேரம் அங்கே மேசையைச் சுற்றி உட்காருவார்கள். விளையாட்டு என்றால் பலகையும் காயும் இல்லை. ஒருவர் கதையை நடத்த வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக, போர்வீரனாகவோ திருடனாகவோ சூனியக்காரியாகவோ, ஒரு கற்பனை நாட்டில் அலைவார்கள். சண்டை வந்தால் பகடை உருட்டுவார்கள். கதை நடத்துவது மக்டலீன். அவளுக்கு முப்பது வயது. பல் வைத்தியர் ஒருவரிடம் கருவித் தட்டு அடுக்கும் வேலை. விளையாட வருகிறவர்கள் மூன்று பேர். திலக்சன் இங்கேயே பிறந்தவன், கொலிச் படிக்கிறான். நிலாணி வங்கியில் வேலை செய்கிறவள். சுந்தர் சென்னையிலிருந்து கணினி வேலைக்கு வந்தவன்.

இந்த விளையாட்டில் புதிதாக வருகிறவரைத் திணறடிப்பது சண்டையல்ல, தொடக்கத்தில் பொருள் வாங்குவதுதான். கையில் கொஞ்சம் தங்கக் காசு கொடுத்து, புத்தகத்திலுள்ள விலைப் பட்டியலைத் திறந்துவிட்டால் முதல் நாள் முழுக்க அதிலேயே போய்விடும். ஒருவன் ஏணி வாங்குவான். இன்னொருத்தி குதிரைக்கு மணி வாங்குவாள். ஆரம்பத்தில் மக்டலீனும் நேரம் மிச்சமென்று ஆயத்தப் பொதிகளின் பட்டியலைத் தாளில் அச்சடித்துக் கொடுத்துப் பார்த்தாள். கொடுத்ததை எவரும் வாசிக்கவில்லை. தன் முதுகில் என்ன இருக்கிறதென்று தெரியாமலே மூன்று பாத்திரங்கள் பனிமலையில் விறைத்துச் செத்தன. அதன்பிறகு முறையை மாற்றினாள். ஒவ்வொருவரும் தன் கையால் எழுத வேண்டும். எழுதினால் போதாது, அது முதுகிலா, இடுப்பிலா, கையிலா என்று வாயால் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எடை. ஆற்றங்கரை வந்தால் மூன்று தாள்களையும் வாங்கி எடையைக் கூட்டுவாள். அளவுக்கு மேல் கூடினால் பகடை. பகடை விழுந்தவிதம் சரியில்லையென்றால் ஆள் தாழ்ந்தான்.

"சுங்க இலாகாவிலே வேலை பார்க்க வேண்டியவங்க நீங்க," என்பான் சுந்தர். அவனுடைய போர்வீரன் இரும்புக் கவசத்தோடு ஏற்கெனவே ஓர் ஆற்றில் போனவன்.

அவள் இதில் இப்படிப் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் இருந்தது. மன்னாரில் அவளுக்குப் பத்து வயதாக இருந்தபோது ஒரு காலை ஊரே எழும்பி ஓடியது. அம்மா தையல் மெசினின் தலையைக் கழற்றித் தூக்கிக்கொண்டாள். அப்பா காணி உறுதியையும் சுவர்க் கடிகாரத்தையும் எடுத்தார். அரிசியை அப்பா எடுத்திருப்பார் என்று அம்மா நினைத்தாள். அம்மாவிடம் இருக்கும் என்று அப்பா நினைத்தார். அன்று இரவு மடு வீதியோரம் மரத்தடியில் உட்கார்ந்து, நேரம் சரியாகக் காட்டும் கடிகாரத்தைப் பார்த்தபடி பசியோடு கிடந்தார்கள். அண்ணன் சீமோன் சிரித்துச் சிரித்து அப்பாவிடம் அடி வாங்கினான். பிற்காலத்தில் கனடாவிலிருந்து விளையாட்டைப் பற்றி அவள் போனில் சொன்னபோது அவன் அதையேதான் ஞாபகப்படுத்தினான். கயிறு எத்தனை றாத்தல் என்று காசு கொடுத்துப் படிக்கிற ஒரே தமிழ்ச்சி நீதான் என்று பகிடி பண்ணினான்.

சீமோன் பள்ளிக்கூட வாத்தியார். கலியாணம் முடித்தது பேபியை. ஒரு மகள், மூன்று வயது. மன்னாரிலிருந்து கிளம்பிய குடும்பம் சண்டை தள்ளத் தள்ளக் கிழக்கே போய், இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு சித்திரை மாதம் கடலுக்கும் களப்பு என்கிற உப்புநீர்ப் பரப்புக்கும் நடுவே ஒரு மணல் திட்டியில் பதுங்குகுழி வெட்டி இருந்தது. அங்கிருந்து தொலைபேசி என்பது யாரோ ஒருவரின் சற்றலைற் போன். பின்னால் வரிசை நிற்கும்.

அந்த வரிசையில் நின்று ஒருநாள் சீமோன் கூப்பிட்டான். எப்படி இருக்கிறாய் என்று அவனைக் கேட்பது எப்படி? அவன்தான் தொடங்கினான்.

"தங்கச்சி, களப்பைத் தாண்டி அங்காலை, ஆமியின்ரை பக்கம் போகத்தான் யோசிக்கிறம். உன்ரை விளையாட்டிலை கேப்பியே, அப்பிடிச் சொல்லு. என்னத்தைக் கொண்டு போறது?"

அவளுக்கு அது கிடைத்தற்கரிய கேள்வியாகப் பட்டது. இதற்கு அவளிடம் பதில் இருந்தது. தண்ணீர்ப் போத்தல், சீனி, உப்பு, பிள்ளைக்கு ஒரு மாற்றுடுப்பு. அடையாள அட்டைகளும் பிறப்புச் சான்றிதழும் பொலித்தீனில் சுற்றி. பானை சட்டி வேண்டாம், பாய் வேண்டாம். கூரைக்குத் தறப்பாள் கட்டிய நைலோன் கயிற்றை அவிழ்த்துப் பிள்ளையைப் பேபியின் இடுப்போடு கட்ட வேண்டும். மூச்சுவிடாமல் சொன்னாள்.

"எல்லாம் ஒரே பையிலை, அண்ணை. அது உன்ரை முதுகிலை. பேபியிட்டை இருக்கும் எண்டு நீ நினைக்க, உன்னட்டை இருக்கும் எண்டு அவ நினைக்கக் கூடாது. பையை விட்டிடாதை."

"கடிகாரம் வேண்டாமோ?" என்று அவன் கேட்டான். சிரித்தான். போன் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது.

அன்று அவள் நன்றாக நித்திரை கொண்டாள். பிறகு அந்த நித்திரையை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் உடம்பே அருவருத்தது.

வைகாசியில் மேசை நின்றுபோனது. வேலை முடிந்ததும் மக்டலீன் ரொறன்ரோ நடுநகருக்குப் போய், போரை நிறுத்தச் சொல்லி நின்ற கூட்டத்தோடு கூட்டமாக நின்றாள். நெடுஞ்சாலையில் சனம் ஏறி உட்கார்ந்த மாலையும் அவள் அங்கே இருந்தாள். அவளுடைய பையில் தண்ணீரும் பிஸ்கற்றும் பிளாஸ்ரரும் மெல்லிய போர்வையும் இருந்தன. மற்றவர்கள் கைக்கொடியும் கைபேசியுமாக வந்திருந்தார்கள். பக்கத்திலிருந்த தெரியாத ஒரு அன்ரி அவளுடைய தண்ணீரைக் குடித்துவிட்டு, பிள்ளை எல்லாம் யோசிச்சுத்தான் வந்திருக்கிறாய் என்று தலையைத் தடவினாள். மக்டலீன் அந்த நேரம் சீமோனின் முதுகிலுள்ள பையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். பை ஒழுங்காக இருந்தால் அவன் வந்துவிடுவான் என்று அவள் மனம் எப்படியோ ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தது.

ஒரு வாரத்தில் போர் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொன்னது.

ஆனி மாதம் செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து பேபி கூப்பிட்டாள். குரல் வறண்டு, யாருடைய கதையையோ சொல்வதுபோல் ஒரே சீராக இருந்தது. விடியப்புறம் எல்லாரும் ஓடத் தொடங்கினார்களாம். களப்புக்குள் இறங்கிய பிறகுதான் சீமோனுக்குப் பையின் நினைவு வந்தது. குழியிலிருந்து பிள்ளையைத் தூக்கிய அவசரத்தில் அதை அங்கேயே வைத்துவிட்டான்.

"நான் வேண்டாமெண்டு சொன்னனான், மச்சாள். அவர் கேக்கேல்லை. தங்கச்சி அதை மட்டும் விடவேண்டாமெண்டு சொன்னவள், ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாறன் எண்டவர். நான் தண்ணிக்குள்ளை நிண்டு பாத்துக்கொண்டே இருந்தன். பிறகு செல் குண்டு விழத் தொடங்கிட்டுது. சனம் எங்களைத் தள்ளிக்கொண்டு போட்டுது. அவர் வரேல்லை."

பேபி தொடர்ந்தாள்.

"நடுக் களப்பிலை கழுத்தளவு தண்ணி. பிள்ளை கையை விட்டுப் போட்டாள். கயித்தாலை கட்டியிருந்தபடியா இழுத்து எடுத்தனான். கட்டாத பிள்ளையள் எத்தினை போச்சுது. நீங்கள் சொன்னபடியாத்தான் மச்சாள் இவள் இருக்கிறாள். உங்களுக்கு நான் என்னெண்டு நன்றி சொல்லுறது?"

கோபித்திருந்தால் தாங்கியிருப்பாள். பேபி கோபிக்கவில்லை. அவள் மனதார நன்றி சொன்னாள். அந்த நன்றியை வைப்பதற்கு மக்டலீனிடம் இடமில்லை. ஒரே வாய், ஒரே மூச்சில் சொன்ன வார்த்தைகள். கயிறு பிள்ளையைக் காப்பாற்றியது. பை அவனைத் திருப்பி அழைத்துக்கொண்டது. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பார்க்க முடியுமா? வேலையிடத்தில் ஒரே தட்டை இரண்டு மூன்று தரம் கலைத்து அடுக்கினாள். கோவிலில் பாதர் ஆறுதல் சொன்னார். நீ நல்லதைத்தான் சொன்னாய் என்றார். அவள் தலையாட்டினாள். நல்லது சொன்னது அவளுக்கும் தெரியும்.

ஆடி மாதம் சுந்தர் விடாப்பிடியாக எல்லாரையும் திரும்பக் கூட்டினான். வீட்டிலேயே அடைந்து கிடந்தால் நீங்க உடைஞ்சிடுவீங்க என்றான். அவள் மறுக்கவும் தெம்பில்லாமல் கீழே இறங்கி வந்தாள். திலக்சனின் பழைய பாத்திரம் செத்திருந்ததால் அவன் புதிதாக ஒரு திருடனை உருவாக்கினான். பட்டியல் புத்தகத்தை அவள் பக்கம் தள்ளி, தொடக்கத்துக்கு எவ்வளவு காசு என்று கேட்டான்.

"விரும்பினதை எடு," என்றாள்.

"சீரியஸா அக்கா? ஏணியும்?"

"ஏணியும் எடு."

அவன் உற்சாகமாகி எழுதிக்கொண்டே போனான். இரண்டு கூடாரம், எண்ணெய்ப் பீப்பா, நங்கூரம். நிலாணி மட்டும் மக்டலீனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதை தொடங்கியது. நடந்தார்கள், ஒரு ஆறு வந்தது. பழக்கதோஷத்தில் மூவரும் தங்கள் தாள்களை அவள் முன்னால் நீட்டினார்கள். சுந்தர் முன்கூட்டியே பெருமூச்சு விட்டான்.

அவள் தாள்களைத் தொடவில்லை.

"கடந்திட்டியள்," என்றாள்.

"டைஸ் உருட்ட வேண்டாமா?"

"வேண்டாம். எல்லாரும் கடந்திட்டியள். சாமானெல்லாத்தோடையும்."

அதற்குப் பிறகு வந்த பாலமும் இடிந்து விழவில்லை, பந்தமும் அணையவில்லை, பசியும் எடுக்கவில்லை. யாரும் சாகாத அந்தக் கதையை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. இன்னும் இரண்டு ஞாயிறு வந்தார்கள். பிறகு திலக்சனுக்குப் பரீட்சை என்றார்கள், நிலாணிக்குக் காய்ச்சல் என்றார்கள். பார்ட்டி றூமை வேறு யாரோ பிறந்தநாளுக்கு எடுத்துக்கொண்டார்கள். அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

ஐப்பசியில், மத்தியானச் சாப்பாட்டு நேரம், வேலையிடத்துப் பின்னறையில் அவள் இருந்தபோது பேபி மறுபடி கூப்பிட்டாள்.

"எங்களை மன்னாருக்கு விடப்போகினமாம், மச்சாள். பஸ்ஸிலை கனக்க ஏத்தேலாதாம். என்னத்தைக் கொண்டு போறது, என்னத்தை விடுறது? நீங்கள் சொல்லுங்கோ."

மக்டலீன் தனக்குத் தெரியாது என்றாள்.

"உங்களுக்கோ தெரியாது?" பேபி சிரித்தாள். முகாமிலிருந்து அவள் சிரித்து மக்டலீன் கேட்டது அதுதான் முதல் தடவை. பகிடி என்று நினைத்துவிட்டாள் போலும். அவளே தொடங்கினாள். நிவாரணக் கூப்பன் அட்டை. பானை ஒன்று. முகாமில் தந்த பாய். பிள்ளையின் சட்டை. ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி, ஓமோ மச்சாள் என்று கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் மக்டலீன் ஓம் என்றாள்.

"அந்தக் கயிறும் கிடக்கு. ராவிலை அதைப் பிடிச்சுக்கொண்டுதான் படுக்கிறாள். விட்டிட்டு வரமாட்டாளாம். அதையும் கொண்டு போகட்டோ?"

மக்டலீன் சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்தாள்.

"அது பாரமில்லை, மச்சாள்," என்றாள் பேபி, கெஞ்சுவதுபோல.